கால் நீளம்

கையொப்பம் பத்து கேபிக்குக் குறையக் கூடாது,
இருபதைத் தாண்டவும் கூடாது.
லாரன்ஸ் ரோட்டில் என் கடைக்கு வருகிறவர்களை
அந்தப் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில்தான்
அமுக்கி அமுக்கி அனுப்புகிறேன்.
பட்டா, பென்ஷன், சாதிச் சான்று, நீட்.

அன்றைக்கு மழை.
கெடிலத்தில் தண்ணீர் ஏறுதாம் என்று
எதிர்வரிசை ஷட்டர்கள் இறங்கிவிட்டன.
நனைந்த பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றாள்
க. இலக்கியா, பி.எஸ்சி. இயற்பியல், முடித்து ஒரு வருஷம்.
"அக்கா, விமானப்படை."

மூன்று பிரிவு காட்டியது திரை.
"மூணையும் டிக் போடவா? ஏதாவது ஒண்ணு கிடைக்கும்ல."
"பறக்கறதுக்கு மட்டும் போடுங்க."

பிளஸ் டூவோடு ஒரு வழி இருந்ததாம்.
இரண்டு தடவை எழுதி, ஒரு தடவை மைசூர் வரை போய்,
முதல் நாள் மத்தியானமே
பெயர் வாசிக்காதவர்கள் வரிசையில் நின்று
பஸ் ஏறினாளாம்.
"இங்கிலீஷ் வரும்க்கா. அன்னைக்கு வாய்தான் வரல."
இது டிகிரிக்கு அப்புறமான வழி. இருபத்துநாலு வயசு வரைக்கும்.
என்.சி.சி.யில் விமானப் பிரிவு என்றொரு வழியும் உண்டு;
அவள் கல்லூரியில் அது இல்லை,
கபடி இருந்தது.

அளவுகள் பக்கம் வந்தது.
உயரம் இருக்கிறது.
உட்கார்ந்த உயரம், தொடை நீளம், கால் நீளம்.
கல்யாணத்துக்கு ரவிக்கை தைப்பவர்கூட
இவ்வளவு கேட்டதில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷன் மேசைக்கும் நடுவே
சுவரில் முதுகை ஒட்டிக் கால் நீட்டினாள்.
பக்கத்துத் தையல்கடை டேப்.
தொண்ணூற்றொன்பது வேண்டும்.
தொண்ணூற்றெட்டரை.

ஆஸ்பெஸ்டாஸில் மழை.

"டேப் பழசு" என்றேன்.
"சுடிதார் மடிஞ்சிருக்கு" என்றாள்.
டேப் இழுபடும். ஏ-ஃபோர் தாள் இழுபடாது:
இருபத்தொன்பது புள்ளி ஏழு.
புதுக் கட்டைப் பிரித்தேன்.
சுவரிலிருந்து குதிகால் நோக்கி
ஒன்று, இரண்டு, மூன்று தாள்.
மீதிக்கு ஸ்கேல்.
தொண்ணூற்றொன்பதைத் தாண்டி மூன்று கோடு.
மூன்று மில்லிமீட்டர்.
அவள் சிரித்ததில் மேல்தாள் பறந்து
தண்ணீரில் விழுந்தது.

"ஃப்ளைட்ல ஏறியிருக்கியா?"
"இல்லக்கா. லாஸ்பேட்டைல காம்பவுண்டுக்கு வெளிய நின்னு
ஒண்ணு எறங்குனதப் பாத்தேன்.
எறங்குறதுதான் கஷ்டமாம்."

அங்கே ஒரு மிஷின் இருக்கிறதாம்.
கை ஒரு குச்சியில், கால் இரண்டு பெடலில்,
நழுவி ஓடும் புள்ளியை நடுவில் நிறுத்த வேண்டும்.
தோற்றால் தோற்றதுதான்,
ஆயுளுக்கும் ஒரே தடவை.
பத்தாம் வகுப்புக்கே ஜூலையில் மறுதேர்வு உண்டு.
சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கலியமூர்த்தி
மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு
"எத்தனை டன் மிஷின்?" என்றாராம்.

தேவனாம்பட்டினம் மணலில் விடியுமுன் ஓடினாள்.
முதல் விண்ணப்பம் எங்கேயோ போயிற்று.
இரண்டாவதுக்கு அழைப்பு.
மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்களாம்;
மற்றவர்கள் வெள்ளத்தில் ஊரையே காப்பாற்ற,
இவள் எழுதியது
துறைமுக வாயில் நின்றுபோன ஒரு படகின் என்ஜினை
ஒருத்தி கழற்றி மாட்டியதை.
ஐந்து நாளும் இருந்தாள்.
மிஷினில் பாஸ்.
பெங்களூரில் கண், காது, எலும்பு, இதயம் எல்லாம் பாஸ்.

பட்டியல் வந்த அன்று
தேடும் கட்டத்தில் அவள் எண்ணை இட்டேன்.
எதுவும் இல்லை.
இடைவெளி விட்டு இட்டேன்.
கடைசியில் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி
ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன்,
அவள் என் தோளுக்கு மேலே சாய்ந்திருந்தாள்,
மூச்சு என் காதில் பட்டது.
இடம் குறைவு, வேறொன்றுமில்லை.

டீ வாங்கி வந்தேன். குடிக்கவில்லை, ஆடை படிந்தது.
அப்புறம் அவளே எழுந்து
சுவர் காலண்டரில் விரலை வைத்து எண்ணினாள்.
"மிஷின் பாஸ் ஆயுளுக்கும் செல்லும்க்கா.
திரும்ப எழுத வேணாம்.
வயசுல இன்னும் ஒரு தடவை இருக்கு."
டீயின் ஆடையை ஊதி ஒதுக்கினாள்.
"பழைய கையெழுத்து வச்சிருக்கீங்களா?"

இருந்தது.
பதினான்கு கேபி.