சீவி வைத்த மணல்

மார்ச் கடைசியில் பிர்ச் மரங்களில்
துளையிட்டுச் சாறு பிடிக்கும் வாரம்.
வாளியில் விழும் ஒரு சொட்டுக்காக
ஈரத் தரையில் வயிறு பதியக் கிடந்தேன்.
நாற்பத்து மூன்று படங்கள்.
நாற்பத்திரண்டில் சொட்டு இல்லை.
மிச்சம் ஒன்றில் சொட்டு இருந்தது, வாளி இல்லை.
வெல்கா சிரித்து முடித்துவிட்டு
வாளியைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

அவள் எங்கள் ஊர்த் தபால்காரி.
ரீகாவை விட்டு நான் குர்செமேக் கரைக்கு வந்து
மூன்று வருடமாகிறது.
நீலப்பூ எந்தச் சரிவில் முதலில் எழும்,
எந்தக் குட்டையில் தவளைகள் ஒரு வாரம் முந்திக்கொள்ளும்,
எந்த வீட்டு நாய்க்கு
மின்கட்டண உறைகள் மட்டும் பிடிக்காது,
எல்லாம் அவள் சைக்கிளுக்குத் தெரியும்.
பைன் மரங்கள் முடியும் இடம்வரை கூட வருவாள்.
அதற்கப்புறம் மணல், பால்டிக் கடல்.
விழுந்து கிடக்கும் மரத்தில் உட்கார்ந்து
பூட்ஸிலிருந்து ஊசியிலை பொறுக்குவாள்.
"நீ போய் எடுத்துக்கொண்டு வா."

ஜூலையில் மஞ்சள் காளான்.
கூடை நிறைந்த பிறகுதான் கேமராவைத் தொடலாம்
என்பது அவள் சட்டம்.
இரவு பத்தாகியும் வெளிச்சம் போக மனமில்லாமல்
மரத்தண்டுகளில் செம்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.
கரையில் யாரோ மீனுக்குப் புகைபோட்டார்கள்.
அன்றைக்கும் அதே மரம், அதே ஊசியிலை.
தண்ணீர் என்றால் பயமா என்று கேட்டேன்.
"நீச்சலில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள்,"
என்றாள். கொஞ்சம் கழித்து,
"ஆற்றில்."

செப்டம்பரில் பெருங்கொக்குகள் தெற்கே கிளம்பின.
வயலில் நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்தார்கள்.
வெல்கா மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

அப்போது கரை எல்லைக் காவலருடையது.
இருட்டுமுன் எல்லாரும் வெளியே.
பிறகு டிராக்டர் வரும், பின்னால் பல் வைத்த கலப்பை.
பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையின் தலையைப்போல
கரை நெடுக மணலைச் சீவிவிட்டுப் போகும்.
கடலிலிருந்து யாரும் வரவில்லை,
கடலுக்குள் யாரும் போகவில்லை என்று
காலையில் மணலைப் படித்துக்கொள்வார்கள்.
எனக்கு ஒன்பது வயது. பந்து உருண்டுவிட்டது.
நாலே அடி வைத்தேன்.
மறுநாள் இரண்டு பேர் வந்து
வீட்டிலிருந்த காலணிகளை எல்லாம்
சமையலறையில் வரிசையாக அடுக்கி அளந்தார்கள்.
அப்பா வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.
என் பழுப்பு ஷூவை எடுத்துப்போய்விட்டார்கள்.
பனி விழும்வரை அம்மாவின் ரப்பர் பூட்ஸ்தான்.

"பந்து?"

"அதுவும்தான்."

கொக்குகளை இரண்டு மணி நேரம் எடுத்தேன்.
மெமரி கார்டு வீட்டில் மேசைமேல் கிடந்தது.

நவம்பரில் மூன்று நாள் புயல்.
நான்காம் நாள் விடிவதற்குள்
அம்பர் பொறுக்குகிறவர்கள் டார்ச்சோடு வடக்கே போய்விட்டார்கள்.
எங்கள் பக்கத்து மணலைக் காற்று
வரிவரியாக இழுத்து வைத்திருந்தது.
ஒரு கடற்காகத்தின் கால்கூடப் படவில்லை.
இந்த மாதத்தில் சூரியன் வந்தால்
கடன்காரனைப்போலத் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும்.
முக்காலியை ஊன்றி, அடிவானத்தை நேராக்கி,
விரல் விறைக்கக் கையுறையைக் கழற்றி,
மூச்சைப் பிடித்த நேரத்தில்

சட்டகத்தின் இடப்பக்கம்
ஒரு தபால்துறைக் கோட்டு நுழைந்தது.

கடலை நோக்கிப் போகவில்லை.
வரிகளுக்குக் குறுக்கே,
குதிகாலை அழுத்தி அழுத்தி, வலக்கோடிவரை.
அங்கிருந்து திரும்பி, போன தடத்தில் வராமல்
புது மணலாகப் பார்த்து மிதித்தபடி.

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது.
காற்று நல்லபடியாக அதை லிதுவேனியாவுக்குக் கொண்டுபோனது.
ஆனால் விரல் அதன்பாட்டுக்கு
அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றாள்.
முக்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சாய்ந்து
வலது பூட்ஸைக் கழற்றினாள்.
மணலைக் கொட்டினாள்.
அடிப்பாகத்தை என் லென்ஸுக்கு நேராகத் திருப்பி,
"அளவு முப்பத்தொன்பது," என்றாள்.
"குறித்துக்கொள்."