முன்கொணர்ந்த பாக்கி

அறுபதாம் ஆண்டு மலருக்குக்
கழகத்தின் வரலாறு இரண்டு பக்கம் வேண்டுமாம்.
வரலாற்றை வென்றவர்கள் எழுதுவார்கள் என்பது பேச்சு.
எப்ரோ உதைபந்தாட்டக் கழகம்
அதுவரை காத்திருக்க முடியாது.
பொருளாளர் எழுதுகிறேன்.

ஆதாரம், பிஸ்கட் தகரத்தில் கிடந்த
ஏழு குறிப்பேடுகள்.
முதல் மூன்றும் ஸ்பானிய மொழி.
நான்காவதில் ஆங்கிலம் நடக்கிறது,
இரவல் காலணி போட்டதுபோல.

1964. போர்ட் கெம்ப்ளா உருக்காலையில்
இரவு முறை முடித்த பதினான்கு பேர்
ஏரிக்கரைச் சதுப்பில் கல் பொறுக்கித்
திடல் ஆக்கினார்கள்.
பெயருக்கு இரண்டு கூட்டம் சண்டை.
யாருடைய ஊரும் வேண்டாம், ஓர் ஆறு இருக்கட்டும்
என்றார் ஃபெர்மின் அஸ்னார்.
அந்த ஆறு அவர் வீட்டுக் கொல்லையில் ஓடியது
மூன்றாம் கூட்டத்தில்தான் தெரிந்தது.

முதல் ஆட்டம்: பூஜ்யத்துக்குப் பதினொன்று.
பந்துக்காப்பாளர் செலதோனியோவிடம்
உருளை இயந்திரம் இரண்டு விரலை வாங்கியிருந்தது.
'எட்டு விரலுக்குப் பதினொன்று அதிகமில்லை'
என்று பதிந்திருக்கிறார் செயலாளர்.
ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மாட்ரிட்டில் சர்வாதிகாரி செத்த வாரம்
ஆண்டு விருந்து.
பாதிப் பேர் எழுந்து நின்றார்கள், பாதிப் பேர் எழுந்து போனார்கள்.
எந்தக் கொடியை மாட்டுவது என்று முடிவாகாமல்
கொடிக்கம்பியில் கோல் வலையைக் காயப்போட்டார்கள்.
குறிப்பேட்டில் ஒரே வரி:
வைன், கணக்குக்கு மேல் ஒன்பது போத்தல்.
காரணம் என்ற கட்டம் காலி.

1981 மூன்றாம் பிரிவுக்கு ஏறினோம்.
1982 இறங்கினோம்.
அந்த ஆண்டுதான் உலை ஆட்களைத் துப்பியது.
சந்தாப் பட்டியலில்
வேலை இல்லை, வேலை இல்லை, வேலை இல்லை,
இருபத்தொரு தடவை, ஒரே கையெழுத்து.
யாரையும் நீக்கவில்லை.
நீக்கவில்லை என்றும் எழுதவில்லை.
தொகை எழுதும் பத்தியின் குறுக்கே
அளவுகோல் வைத்து ஒரு கோடு.
அவ்வளவுதான்.
இந்தக் கோட்டை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

1994, சம்மேளனத்தின் கடிதம்:
வெளிநாட்டை நினைவூட்டும் பெயர் ஆகாது.
தென் ஏரிக் கழகம் ஆனோம்.
பதில் போட்டதற்கு முத்திரைச் செலவு நாற்பத்தைந்து சதம்.
பதிலின் நகல் இல்லை.
அது நல்லதுக்குத்தான் என்கிறாள் ரெமேதியோஸ்.
எழுதியவர் அவள் அப்பா.

விதி தளர்ந்தபோது பழைய பெயரைக் கேட்டு
கையெழுத்து வைத்தவர்கள்
மாசிடோனியர் நால்வர், வியட்நாமியர் இருவர்,
டோங்கா இளைஞன் ஒருவன்.
எப்ரோ எங்கே இருக்கிறது என்று
அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.
நீளமானதா என்று மட்டும் ஒருவன் கேட்டானாம்.

2012. இங்கேதான் நான் வருகிறேன்.
திடலுக்கு வெளியே நிறுத்திய என் காரின்
பக்கக் கண்ணாடியைப் பந்து உடைத்தது.
பணம் கேட்கப் போனேன்.
பணம் இல்லை,
இருக்கிறதா என்று சொல்லவும் ஆள் இல்லை.
தகரத்தைக் கையில் தந்தார்கள்.
என் பெயர் கஜவதனி. கஜா என்று எழுதிக் கொடுத்தேன்.
ரெமேதியோஸ் அதைக் 'கஹா' என்று வாசித்துச் சிரித்தாள்,
அவள் மொழியில் பணப்பெட்டி.
வவுனியாவில் சாதகம் எழுதியவர்
இதைச் சொல்லவில்லை.

இப்போது ஐந்தாம் பிரிவு.
அதற்குக் கீழே புல்தான்.
போன சனிக்கிழமை நான்குக்கு ஒன்று.
அந்த ஒன்று எதிரணி தானே போட்டுக்கொண்டது,
ஆனாலும் எழுந்து கத்தினோம்,
சிற்றுண்டிக் கடையில் எண்ணெய் தீய்ந்தது.

இரண்டு பக்கம் தாண்டிவிட்டது.
கோப்பை பற்றி எதுவும் இல்லையா என்கிறார் தலைவர்.
தேடினேன்.
1969, கோப்பை வைக்க அலுமாரி, பதினெட்டு டொலர்.
அலுமாரி இருக்கிறது.
பந்துகளுக்குக் காற்றடிக்கும் பம்பு அதில்.

கடன்கள் தலைப்பின் கீழ்
கஜவதனி, கார்க் கண்ணாடி, நூற்று நாற்பது டொலர்.
பன்னிரண்டு ஆண்டாக
நானே எழுதி, நானே சரிபார்த்து,
அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகிறேன்.
தீர்த்துவிடுகிறோம் என்று
போன கூட்டத்தில் யாரோ முன்மொழிந்தார்கள்.
நான் வழிமொழியவில்லை.