மேற்கு: கடல்

கச்சேரியில் நாலு மணித்தியாலம் காத்திருந்து
வாங்கிய போட்டோப் பிரதிகள்.
வாங்கிலில் இருந்தபடி முழங்காலில் அடுக்குகிறேன்.
ஒவ்வொரு உறுதியும்
முந்தியதைவிட மேற்கே கிடக்கிறது.

முதலாவது சரசாலை. பனிச்சையடிவளவு, பதினொரு பரப்பு.
உரித்தாளி: வயிரமுத்து எலியாசர், கொம்பவுண்டர்.
மாத்தளையில் குவேக்கர்மாரின் மருந்துச்சாலையில்
ஆறு வருசம் மருந்து கலக்கியவர்.
திரும்பி வந்தபோது
பாட்டில்லை, பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை.
ஞாயிறு காலை, ஒரு பாய், பேசாமல் ஆறு பேர்.
ஊர் வைத்த பெயர் ஊமைவேதம்.

மச்சான் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டான்.
வழக்கு.
கூண்டில் வேதபுத்தகத்தை நீட்டினார்கள். தொடவில்லை.
"சத்தியம் பண்ணினால்தான் உண்மையெண்டால்
மற்ற நாளெல்லாம் நான் பொய்யனோ?"
பிறக்கிராசியார் தலையில் கை வைத்தார்.
ஒரு முழத்துக்குப் போன வழக்கில்
செலவோடு பதினொரு பரப்பும் போயிற்று.
இது வீட்டுக்கதை.
உறுதியில் உள்ளது 'அறுதியாக விற்றேன்' மட்டும்.

இரண்டு மாட்டுவண்டில்.
வைக்கோலுக்குள் மருந்துப் போத்தல்கள்.
மனைவி ரெபேக்காள் ஏறவில்லை, கோபத்தில் நடந்தாள்.
கைதடி வெளி, கோப்பாய்,
மானிப்பாயில்தான் வாய் திறந்தாளாம்:
"தண்ணி."

அராலியில் மகன் யோசுவா புகையிலை நட்டான்.
கூலிக்கு வந்தவன் அவனைக் கண்டதும்
சால்வையை இழுத்துக் கக்கத்தில் இடுக்கினான்.
"தோளிலையே கிடக்கட்டும், கணவதி."
வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.
பிறகு தன் செம்பிலேயே தண்ணீர் கொடுத்தான்.
கிழமை முடியமுன் கிணற்றில் மண்ணெண்ணெய்,
கன்றுகள் வேரோடு வரம்பில்.
யார் செய்தது என்று தெரியும்.
பெயர் சொல்லவில்லை, அராலித்துறையில் வள்ளம் பிடித்தார்கள்.

கணவதி எங்கே போனான்?
பிரதிகளைத் திரும்பவும் புரட்டுகிறேன்.
எங்கள் பெருமைக்குள்
அவனுக்கு ஒரு குழி நிலங்கூட இல்லை.

வேலணையில் நாங்கள் சாதாரண ஆட்கள்.
அம்மாவும் பெரியம்மாவும்
ஒரு பரப்புத் தோட்டத்துக்காகப்
பதினொரு வருசம் பேசவில்லை.
அதே பாயில், ஞாயிறு தவறாமல், பக்கத்தில் பக்கத்தில்.
எது செபம், எது வன்மம் என்று
பார்த்தவர்களுக்குத் தெரியாது.
எனக்கும்.

பிறகு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டு வந்தார்கள்.
நெகேமியா மாமா, "துவக்குத் தூக்க ஏலாது" என்றார்.
பங்கர் வெட்டவும் ஏலாது.
"காயத்துக்கு மருந்து கட்ட வாறன்.
ரெண்டு பகுதிக்கும்."
அந்த 'ரெண்டு' அந்த நாட்களில்
வாயிலிருந்து விழக்கூடாத சொல்.
தீவார் எல்லாரும் கிழக்கே ஓட,
மாமாவின் தலைமையில் ஒன்பது பேரும் ஒரு தையல் மெஷினும்
இரவோடிரவாக மேற்கே.

கடைசி உறுதி நெடுந்தீவு.
கிழக்கு: ஒழுங்கை.
வடக்கும் தெற்கும்: முருகைக்கல் மதில்.
மேற்கு: கடல்.
அதற்கப்பால் எந்த நொத்தாரிசுக்கும் வேலையில்லை.

இப்போது அந்தக் காணியும்
எங்களுடையதுதான் என்று காட்டவேண்டும்.
சமாதான நீதவான் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர்,
கண்ணாடிக்கு ஒரு காலில்லை, நூல் கட்டியிருக்கிறார்.
படிவத்தை என் பக்கம் திருப்புகிறார்.
'சத்தியம் செய்து / உறுதி கூறி.
பொருந்தாததை வெட்டுக.'

"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை, ஒண்டை வெட்டு."

நான் பாயில் இருந்து இருபது வருசம்.
கடவுளோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.
ஆனாலும் பேனை காகிதத்துக்கு மேலேயே நிற்கிறது.
மேலே மின்விசிறி. வெளியே ஓட்டோக்கள்.
எலியாசர் இழந்த பதினொரு பரப்பும்
இந்தச் சாய்ந்த கோட்டின் ஒரு பக்கத்தில்.

அவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
"குறிகட்டுவான் பஸ் ஒண்டரைக்கு."

முதற் சொல்லை வெட்டுகிறேன்.
மை பிடிக்கவில்லை.
திரும்பவும் வெட்டுகிறேன்,
தாள் கிழியும் அளவுக்கு.