முழு வருகை

மூன்றாவது எச்சரிக்கைக் கடிதமும்
என் மேசைக்குள்தான் கிடக்கிறது.
தோட்டத்துக்குள் தபால் போவதில்லை,
மாணவனிடமே கொடுத்தனுப்பச் சொன்னார்கள்.
யுகேந்திரன் வந்தால்தானே?

பாலம் முங்கினால் பஸ் வராது.
அம்மாவுக்கு டயாலிசிஸ் என்றால்
அவன்தான் மோட்டாரில் தாப்பா வரை.
பதிவேட்டில் இரண்டுக்கும்
ஒரே சிவப்பு மை, ஒரே சுழி.

என் வீடு பள்ளி வேலிக்குப் பின்னால்.
முதல் மணிக்குப் பிறகு காலுறை தேடியும்
வந்துவிடுவேன்.
முழு வருகைக்காகப் போன வெள்ளி
சபைகூடலில் எனக்கொரு குடை தந்தார்கள்.

இன்று வந்தான்.
சட்டை தோளோடு ஒட்டியிருந்தது.
மூன்று உறையையும் பிரித்து,
என் பேனாவையே வாங்கி,
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டின்மேல்
அம்மா பெயரை எழுதினான்,
மூன்று முறையும்
ஒரே மாதிரி,
தடுமாறாமல்.