எச்சம்

ஈசாஃபியோர்துர் துறைமுகம்.
பனி பக்கவாட்டில் பெய்த இரவு.
திரும்பிய படகுகளின் கணக்கு ஒரு கோப்பில்:
நேரம், ஓர் இடைவெளி, பெயர்.
தேதி கிடையாது.

ஸ்டெய்ன்வோர் கோப்பைத் திறந்தாள்.
கர்னல் அவள் கையில் மூன்று என்ற எண்ணைக் கொடுத்தது.
பூஜ்யம், ஒன்று, இரண்டு
ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீடுகள்.
இனி மூன்றைத் தட்டினால் கோப்பு பேசும்.

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் கேட்டாள்.
கேட்டது அத்தனையும் வந்தது.
மறுபடி அவ்வளவே கேட்டாள்.
வந்தது நூற்றுப் பன்னிரண்டு.
அந்த எண்ணை அவள் பார்க்கவில்லை;
பஃபரை அப்படியே திரையில் கவிழ்த்தாள்.

கடைசி வரி:
23:40 சோல்ரூ

அப்போதுதான் ஃபோன்.
ஹால்வேய்க். அவள் அண்ணன் சோல்ரூனில் போயிருக்கிறான்.
"வந்து..." என்று தொடங்கினாள் ஸ்டெய்ன்வோர்.
நம் இலக்கணத்தில் அது வினையெச்சம்,
முற்று வரும்வரை
யாரையும் கரை சேர்க்காத சொல்.

ன் எங்கே?
பெயரின் வாலை யார் அறுத்தது?
திரையை மேலே தள்ளித் தேடினாள்.
இரண்டாம் வாசிப்பின் முதல் பைட்டாக
தனியே நின்றுகொண்டிருந்தது.

புதியது வந்தால்
பஃபர் பழையதைத் துடைப்பதில்லை.
நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்பால் இருந்ததெல்லாம்
முந்தைய வாசிப்பின் மிச்சம்,
கழுவாத தட்டில் மீன்முள்.
சோல்ரூன் வந்தது மெய்தான்.
நேற்று.

"ஹால்வேய்க், கொஞ்சம் இரு."
ஒரே ஒரு வரியைத் திருத்தினாள்:
வந்த அளவுக்கு மட்டும் காட்டு.
பிறகு மூன்றைத் திரும்பத் தட்டினாள்.

பூஜ்யம்.

பிழை என்றால் மைனஸ் ஒன்று வந்திருக்கும்.
இது பிழையில்லை.
சொல்ல ஒன்றுமில்லை, இப்போதைக்கு.
ஒரு நொடி உறங்கி மறுபடி கேட்கும்படி
புரோகிராமை விட்டாள். பூஜ்யம்.
ஹால்வேய்க் ஃபோனை வைக்கவில்லை,
பேசவும் இல்லை. பூஜ்யம்.
காபி ஆறி ஆடை கட்டியது. பூஜ்யம்.
ஹீட்டர் ஒருமுறை செருமியது.

பிறகு, பதினைந்து.

இந்தத் தடவை எண்ணைத்தான் முதலில் பார்த்தாள்.
நேரத்துக்கு ஐந்து, இடைவெளிக்கு ஒன்று,
வரி முடிவுக்கு ஒன்று.
மிச்சம் எட்டு.
அவர்கள் எழுத்தில் அந்தப் பெயர் ஆறுதான்;
தலையில் கோடு போட்ட இரண்டு உயிர்கள்
ஆளுக்கு இரண்டு பைட் இடம் கேட்கும்.
எட்டு. சரி.
04:52.
ன் இருந்தது.

"வந்துவிட்டது" என்றாள்,
முற்றோடு.

மூன்றை மூட மறந்து
கோட்டை மாட்டிக்கொண்டு கட்டுத்துறைக்கு ஓடினாள்.
காலி அறையில் புரோகிராம்
இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.
பூஜ்யம்.
பூஜ்யம்.