முப்பத்தோராம் நாள்

சிரிக்காதே என்றார் படம் எடுத்தவர்.
மருந்துக்கடையின் பின்சுவர், வெள்ளைத் திரை,
இருமல் மருந்துக்கும் நாய் பிஸ்கட்டுக்கும் நடுவே நான்.
சிரிக்கும் எண்ணம் எனக்கும் இல்லை.

படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்கள் வழக்கத்தில் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது,
அப்பாவுக்கு உண்டு.
ஆகவே இந்த டுலூத் நகரத்தில்
வங்கி, பல் மருத்துவர், வீட்டுக்காரர்
எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.
உலான்பாதரில் லாரி ஓட்டும் பாத்பயார்
இங்கே ஏரியின் பனிக்கட்டியை அளந்து
முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறார்.
கீழே, சிறிய எழுத்தில், சரந்துயா.

வேலை தொடங்கும் நாளைக் குறிக்க வேண்டும்.
வேலை இல்லை. நாள் மட்டும் வேண்டும்.
மாப்பிள்ளை கிடைக்காமலே முகூர்த்தம் பார்ப்பதுபோல
நானும் எஃபுவாவும் சமையலறை மேசையில்
காலண்டரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
சீக்கிரம் குறித்தால்
வேலையின்றி இருக்க அனுமதித்த தொண்ணூறு நாள்
சீக்கிரமே கரையத் தொடங்கும்.
தள்ளிக் குறித்தால் வாடகையை யார் கட்டுவது?
நான் ஜூன் பதினேழு என்றேன்.
அவள் ஜூலை ஒன்று என்றாள்,
எழுத எளிது என்பதற்காக.

நானூற்றுச் சொச்சம் டாலர்.
அன்றிரவே கட்டிவிட்டேன்.
எஃபுவா, பேக்கரிச் சம்பளம் வரட்டும் என்றாள்.
சம்பளம் வந்தது, கூடவே கடைவாய்ப் பல்வலியும்.
அடுத்த சம்பளம் வரட்டும் என்றாள்.
அலுவலகம் கையெழுத்துப் போட்டுத் தந்த தாள்
அவளுடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது.
முப்பது நாளைக்குள் என்று
யாரோ சொன்ன ஞாபகமும் அதற்கு அடியில்தான்.

பிறகு காத்திருக்கும் உத்தியோகம்.
பல் துலக்குமுன் நிலவரம் பார்ப்பேன்: பெறப்பட்டது.
ஏப்ரலில் ஏரி உடைந்தது. பெறப்பட்டது.
இரும்புத்தாதுக் கப்பல் தொலைவில் நின்று ஊதும்,
பாலம் பதிலுக்கு ஊதிவிட்டு மெல்ல மேலே ஏறும்.
கேட்டால் பதில் சொல்ல
இந்த ஊரில் ஒரு பாலமாவது இருக்கிறதே.

ஜூன் ஆறு. எஃபுவாவுக்கு மெல்லிய உறை.
உள்ளே ஒரே தாள்.
விண்ணப்பம் முப்பத்தோராம் நாள் வந்து சேர்ந்ததாம்.
கட்டிய பணம் திரும்பாதாம்.
ஜூலை நடுவரை அவகாசம் இருக்கிறது என்றார் லிண்ட்க்விஸ்ட் அம்மையார்.
புதுத் தாளில் கையெழுத்துப் போட்டு,
மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி,
'இன்றைக்கே' என்றார்.
அட்டைக் கடனில் அன்றைக்கே அனுப்பினாள்.
மிட்டாய் கோட்டுப் பையிலேயே இருக்கிறது.

நான்கு நாள் கழித்து என் அனுமதி அட்டை வந்தது,
பீட்சா விளம்பரத்துக்குள் சொருகிக்கொண்டு.
மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
மகிழ்ச்சி வந்தது,
பிந்தி வீடு திரும்புகிறவர்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைவதுபோல.
அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.
எங்கள் வீட்டில் சோறு வடிப்பவள் அவள் என்பது
எப்படி மறந்தது எனக்கு?

மறுநாள் மாலை
அட்டையில் ஒட்டிய அரிசியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.
'திருடி மாதிரி இருக்கிறாய் படத்தில்.'
சிரிக்கக் கூடாது என்றார்கள் என்றேன்.
'அதற்காக இப்படியா?'
வெங்காயம் நறுக்கத் திரும்பினாள்.
வெங்காயம் முன்பே நறுக்கியாகியிருந்தது.

ஜூன் பதினேழு.
தொண்ணூறில் முதல் நாள்.
நேர்முகம் இரண்டு, பதில் ஒன்றுமில்லை.
குளியலறையிலிருந்து எஃபுவா கத்துகிறாள்,
நிலவரம் பார்க்கச் சொல்லி.
அவள் ரசீது எண் எனக்கு மனப்பாடம்.
பெறப்பட்டது என்கிறேன்.
தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே
இன்னும் ஓங்கிச் சொல்கிறேன்:
பெறப்பட்டது!