இருபத்து மூன்றாம் எண்

போன் ஒருநாள் தானாகவே ஒரு படம் செய்து காட்டியது.
அப்பாவைப் புதைத்த நாளின் புகைப்படங்கள்,
பின்னால் துள்ளலான கித்தார்,
முடிவில் ‘இனிய நினைவுகள்’ என்று ஒரு வரி.
அன்றிரவே நெஸ்தான்
கட்டிலடியிலிருந்து பழைய மடிக்கணினியை இழுத்தாள்.

திபிலிசி, க்ல்தானி, எட்டாவது மாடி.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்.
காலணி அலமாரியின் மேல்தட்டில்
மூடி உடைந்த கணினி, இரண்டு ஹார்டு டிஸ்க்,
அதிராமலிருக்க அடியில்
மடித்து வைத்த ஒற்றைக் கம்பளிக் காலுறை.
மூன்று முறை சொதப்பி நான்காம் முறை
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஊர்ந்தது.
ரவுட்டரில் வெளிவாசல்கள் எல்லாவற்றையும் சாத்தினாள்.
கணினிக்குப் பத்து. அவளுக்குப் பதினொன்று.
அண்ணன் வாஜா இருபத்து மூன்று கேட்டான்,
இரண்டு வருடம் மாற்று ஆளாகவே உட்கார்ந்திருந்த
ரக்பி சட்டையின் எண்.

உள்ளே இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை.
மின்கட்டண ரசீதுகள்.
நாயின் நூற்று நாற்பது படங்கள், பாதி கலங்கல்.
அடுப்பை அணைக்காமல் போனது யாரென்று
அப்பா கத்துகிற நாற்பது நொடி.

வாஜா போலந்துக்கு லாரி ஓட்டப் போனான்.
‘ஒரே ஒரு கதவைத் திறந்து வை,
இங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.’
‘திறந்தால் நீ மட்டுமா வருவாய்?’
மூன்று வாரம் பேச்சில்லை.

போஸ்னானில் ஒரு விடுதி, தூக்கம் பிடிக்காத இரவு.
பழகிய விரல் வீட்டு எண்ணையே தட்டியது:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
ஒன்று, பத்து.
எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில்
இதே எண்ணுக்கு ஏதோ ஒன்று ‘ம்’ கொட்டுகிறது.
அங்கேயும் திறந்தது.
ஒரு பிரிண்டர்.
‘தாள் தீர்ந்துவிட்டது’ என்றது போலிஷில்.
அதைப் படமெடுத்து அனுப்பினான்.
நெஸ்தான் சிரித்தாள், பஸ்ஸில், சத்தமாக.
கதவை மட்டும் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் மின்சாரம் போவதும் வருவதுமாக.
கணினி ஒவ்வொரு தடவையும்
தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தது.
எதிர்வீட்டு லெவானுக்கு, பரீட்சைக் காலத்தில்,
கடவுச்சொல்லைக் கொடுத்தாள். அவனுக்கு இருபத்து நான்கு.
குழாய் பழுதுபார்க்க வந்தவருக்குக்கூட இருபத்தைந்து.

டிசம்பர். அதிகாலை மூன்று பன்னிரண்டு.
டிஸ்க் முனகுகிறதே என்று எழுந்து வந்தவள்
திரையில் பட்டியலைப் பார்த்தாள்.
பத்து. பதினொன்று.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கீழே ஒரு வரி சேர்ந்தது.
இருபத்து மூன்று.

வாசலுக்கு வெளியே யாரோ மூச்சு வாங்கினார்கள்.
லிஃப்டுக்குச் சில்லறை இருந்திருக்காது.
மணி அடிக்கவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த ஒலியில்,
அப்பா கத்தத் தொடங்கினார்,
அடுப்பை அணைக்காமல் போனது யாரென்று.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்,
நாற்பது நொடி.